பெருவிரல் சுண்ணாம்பு

அத்தையின் இரண்டு கால் பெருவிரல் நகத்திலும் வெள்ளையாக ஏதோ பூசியிருந்தது. “என்ன அத்தை, நெயில் பாலிஷா?” என்று கேட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் ஆசை வரக்கூடாது என்று சட்டமா என்ன?

“போ மருமகனே... சுண்ணாம்பு. நீர்க்கடுப்பு உசுரு போகுது. இதத் தொட்டு வச்சா கொஞ்சம் கேக்கும்.”

எங்கள் பக்கத்து வைத்தியம் அது. சின்ன வயதில் கோடை லீவு முழுக்க வெயிலில் ஆடிவிட்டு, ஒண்ணுக்குப் போக முடியாமல் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது எனக்கும் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புக்கும் மூத்திரப் பைக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. கூடவே ஒரு சொம்பு நீர்மோரும் கொடுப்பார்கள். சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். மோரால் சரியானதா, சுண்ணாம்பால் சரியானதா என்று வீட்டில் யாரும் ஆராய்ச்சி பண்ணியதில்லை.

அத்தைக்கு இந்த முறை சுண்ணாம்பும் கேட்கவில்லை, மோரும் கேட்கவில்லை.

அவர் இருப்பது திருச்சுழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் திருச்சுழியைத் தெரியும். சுற்றுப்பட்டு ஜனங்களுக்கு அது தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர், அவ்வளவுதான். பக்கத்தில் குண்டாறு ‘ஓடுகிறது’ என்று பாடப் புத்தகத்தில் போடலாம். பெரும்பாலான நாள் நீங்கள்தான் அதில் ஓட வேண்டும், மணல் அப்படிச் சுடும். அருப்புக்கோட்டையிலாவது தறிச் சத்தம் கேட்கும், மல்லிகைப் பூ மணக்கும். அதைத் தாண்டிக் கிழக்கே போகப் போகக் கரிசலும் சீமைக்கருவேலமும்தான்.

அத்தை பார்க்காத வேலை இல்லை. பருத்தி எடுத்தார். மிளகாய்ப் பழம் எடுத்தார். மழை பொய்த்த வருஷங்களில் கரிமூட்டத்துக்குப் போனார். கரிமூட்டம் தெரியுமா? சீமைக்கருவேல விறகைக் குவித்து அடுக்கி, மேலே செத்தையைப் போட்டு மண்ணால் மூடி, உள்ளே நெருப்பு வைத்து நாள்கணக்கில் புகைய விடுவார்கள். பிறகு பிரித்துக் கரியை அள்ள வேண்டும். மேலே சித்திரை வெயில், கீழே வெந்த மண். நடுவில் அத்தை. அதற்கப்புறம் நூறு நாள் வேலை.

“அந்த வெக்கையில எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?”

“காலைல ஒரு சொம்பு நீச்சத்தண்ணி. அப்புறம் வீட்டுக்கு வந்துதான்.”

“நடுவுல?”

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பி.காம். படித்துவிட்டு மெட்ராஸில் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற பார்வை. “குடிச்சா ஒதுங்கணும்ல மருமகனே? பொட்டக் காட்டுல எங்கிட்டு ஒதுங்க?”

முன்பாவது சீமைக்கருவேலம் மறைப்பாக இருந்ததாம். 2017-ல் ஐகோர்ட் மதுரைக் கிளை உத்தரவு என்று ஜேசிபியைக் கொண்டுவந்து பிடுங்கினார்கள். நிலத்தடி நீரைக் காப்பாற்றத்தான், நல்ல காரியம்தான். ஆனால், அன்றைக்குப் பிடுங்கப்பட்டது பெண்களின் கதவும்கூட என்று, அந்தச் செய்தியை எழுதிய எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அத்தை வீட்டில் கழிப்பறை கட்டித் தந்திருக்கிறது அரசாங்கம். அது வீட்டில் இருக்கிறது. பகல் பதினோரு மணிக்கு அத்தை இருப்பது மூணு கிலோமீட்டர் தள்ளி.

போன வருஷம் ஒரு முகாமில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது கிரியேட்டினின் அதிகம் என்றார்கள். மதுரைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு டாக்டர் பொறுமையாக எல்லாம் பார்த்திருக்கிறார். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஸ்கேனில் கல் இல்லை. ‘காரணம் தெரியலைம்மா. மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுத்துப் பார்ப்போம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நான் கோபப்பட்டேன். தினமும் எட்டு மணி நேரம் வெந்து, தண்ணீர் குடிக்காமல், வந்ததை அடக்கிக்கொண்டு முப்பது வருஷம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் சிறுநீரகம் கெட்டிருக்கிறது. இதில் காரணம் தெரியவில்லையாமா? எனக்கே தெரிகிறதே!

அத்தை கோபப்படவில்லை. “அவரு நல்ல மனுசன். தெரியாதத தெரியாதுன்னு சொன்னாருல்ல? எதுத்த வீட்டுக்காரியும் என்கூடத்தான் மூட்டத்துல கெடந்தா, என்கூடத்தான் அடக்கிக்கிட்டு வந்தா. அவ கல்லு மாதிரி இருக்காளே.”

பதில் சொல்ல முடியவில்லை எனக்கு.

அதற்கப்புறம் கொஞ்சம் படித்தேன். தெரிந்த சிறுநீரக டாக்டர் ஒருவரையும் பிடித்துக் கொண்டேன். சிறுநீரகம் பொல்லாத பொறுமைசாலி. நாளைக்கு 180 லிட்டர் வரைக்கும் வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் போலத்தான் வெளியே அனுப்புகிறது. பாதி வேலை கெட்டுப்போகும் வரைக்கும்கூட வலிக்காது, வீங்காது. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவும் பெரிதாக அசையாது. அசையும்போது பாதிச் சொத்து ஏற்கனவே போயிருக்கும். அத்தைக்கு வலித்தது நீர்க்கடுப்பு. அது கிருமித் தொற்று. வலிக்கும், மருந்து கொடுத்தால் போய்விடும். வலிக்காமல் போய்க்கொண்டிருந்தது வேறொன்று.

‘காரணம் தெரியாத நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்பது அத்தைக்கு அந்த டாக்டர் சூட்டிய பெயர் இல்லை. உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் அது உலாவுகிறது. நிகராகுவா, எல் சால்வடார் கரும்புக் காடுகளில் இருக்கிறது. இலங்கையில் அநுராதபுரம், பொலன்னறுவை நெல் வயல்களில் 1990-களிலிருந்து இருக்கிறது. ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் பக்கம் உத்தானத்தில் இருக்கிறது. அங்கே பலாசாவில் 2023-ல் இதற்கென்றே ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சி மையமும் திறந்தார்கள். எங்கே போனாலும் ஒரே ஜாடை. சர்க்கரை இருக்காது, ரத்தக்கொதிப்பு இருக்காது. வெயிலில் குனிந்து வேலை பார்க்கிற ஏழையாக மட்டும் இருப்பார்.

நம் ஊரிலும் பார்த்திருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் துறை 2023-ல் தமிழ்நாட்டு விவசாயத் தொழிலாளர்கள் 3,300-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. ஒரு தடவை எண் தப்பாக வந்தால் போதாது, மூன்று மாதம் கழித்தும் தப்பாக இருந்தால்தான் நாள்பட்ட நோய் என்று கணக்கு. (அத்தையை மறுபடி வரச் சொன்னது இதனால்தான். நான் வீணாகக் கோபப்பட்டிருக்கிறேன்.) 2025-ல் முடிவு வெளியானது. இருபது பேரில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். 2017 முதல் 2020 வரை, ஏழு உப்பளங்களில், 352 பேர். பெரும்பாலோர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில்தான் வேலை பார்த்திருந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத் திறன் குறைந்திருந்தது. அதே நிறுவனத்தின் குழு 2016-லேயே, வெப்பத்தில் வேலை பார்க்கிற, கழிப்பறை வசதி சரியில்லாத பெண்களிடம் போய்க் கேட்டு எழுதியிருக்கிறது. தண்ணீரைக் குறைக்கிறோம், அடக்கிக் கொள்கிறோம், எரிச்சல் வருகிறது. திருச்சுழியில் நான் கேட்டது அச்சு அசலாக அதுதான்.

அப்படியானால் வெயில்தானே காரணம்? முடித்துவிடலாமே?

“முடிக்க முடியாது சார்” என்றார் அந்த டாக்டர். வெயிலும் வறட்சியும்தான் முதல் சந்தேகம், அதில் தகராறு இல்லை. ஆனால், அடக்குவதால் மட்டும் சிறுநீரகம் போய்விடும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அத்தை தெளித்த வயலில் பூச்சிமருந்து இருந்தது. குடித்தது உப்புத் தண்ணீர். உடம்பு வலிக்குப் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைகளும் உண்டு. (இதைக் கேட்டபோது அத்தை, “தெனமும் இல்ல, வேல இருக்கிற அன்னிக்கு மட்டும்தான்” என்றார்.) வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நிரூபணமான விஷயம். இதில் எது எவ்வளவு? எதிர்த்த வீட்டுப் பெண்ணுக்கு ஏன் வரவில்லை? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் எப்படி ‘தெரியும்’ என்று சொல்வது?

நியாயம்தான். ஆனால், ஒரு கேள்வி என்னை விடவில்லை. ஒரு காரியத்தைச் செய்வதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

லண்டனில் 1854-ல் காலரா. பிராட் ஸ்ட்ரீட் என்ற தெருவில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஜான் ஸ்நோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்து, அந்தத் தெருப் பம்புத் தண்ணீர்தான் எமன் என்று சொல்லி, பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். காலராக் கிருமியை ராபர்ட் காக் அடையாளம் காட்டியது அதற்கு முப்பது வருஷம் கழித்து, நம் கல்கத்தாவில் நடந்த ஆராய்ச்சியில்தான். முப்பது வருஷம் காத்திருந்து கைப்பிடியைக் கழற்றியிருந்தால்? (கழற்றுவதற்கு முன்பே நோய் இறங்க ஆரம்பித்திருந்தது என்று ஸ்நோவே எழுதி வைத்திருக்கிறார். பெரிய மனுஷன்.)

நிகராகுவாவிலும் யாரும் கிருமிக்காகக் காத்திருக்கவில்லை. அங்கே ஒரு ஊரை விதவைகளின் தீவு என்றே சொல்வார்கள், அத்தனை கரும்பு வெட்டிகள் செத்திருக்கிறார்கள். தண்ணீர், ஓய்வு, நிழல் என்று மூன்றே சமாசாரம். மணிக்கு ஒரு தடவை நிறுத்து, கூடாரத்துக்கு வா, குடி, உட்கார். அதைச் சரியாகச் செய்த இடத்தில், ஒரு வெட்டுப் பருவத்துக்குள்ளேயே சிறுநீரகம் அடிபடுகிறவர்கள் குறைந்தார்கள் என்று ஆய்வுகள் காட்டின. காரணம் முழுசாகத் தெரிந்தா செய்தார்கள்? இல்லை.

இதோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு சௌகரியமாக இருந்திருக்கும். இலங்கை குறுக்கே வருகிறது.

அங்கேயும் அவசரம். சந்தேகம் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மேல் விழுந்தது. நிரூபணம் இல்லை, விஞ்ஞானிகளுக்குள் ஒற்றுமையும் இல்லை. ஆனாலும் 2015-ல் நாடு முழுக்கத் தடை போட்டார்கள். ‘தெரியும் வரை காத்திருக்காதே’ என்ற அதே நல்லெண்ணம்தான். என்ன ஆயிற்று? நோய் இருந்தது வறண்ட வடமத்திய நெல் பிரதேசத்தில். தடை போய் உட்கார்ந்தது மலையகத் தேயிலைத் தோட்டத்திலும். களை மண்டியது. தேயிலைத் துறை நஷ்டம் நஷ்டம் என்று கத்தியது. அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கிறவர்கள் நம் தென் மாவட்டங்களிலிருந்தும் போன ஜனங்களின் பேரன் பேத்திகள். அவர்கள் பிழைப்பும் அந்தத் தோட்டத்தோடு கட்டிக் கிடப்பது. 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தடையை நீக்கினார்கள். நோய்க்கான காரணம் இன்னமும் வாதத்தில்தான் இருக்கிறது.

ஆக, அரைகுறைத் தெரிதலோடு இறங்கியதில் ஒன்று உயிர் காத்தது, ஒன்று ஊர் வம்பானது. என்ன வித்தியாசம்?

எனக்கு விஞ்ஞானம் வராது. காமர்ஸ் கொஞ்சம் வரும். பி.காம். முதல் வருஷம் கணக்குப் பதிவியலில் ‘ஐயக்கடன் ஒதுக்கு’ என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். கடன் வாங்கியவன் ஓடிப் போகும் வரை வியாபாரி காத்திருக்க மாட்டான். ஓடினாலும் ஓடுவான் என்ற சந்தேகத்துக்கே லாபத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வைத்துவிடுவான். நிரூபணம் கேட்க மாட்டான். ஒதுக்கியது அதிகமாகிப் போனால் அடுத்த வருஷம் திருப்பி எழுதிக்கொள்ளலாம். ஒதுக்காமல் விட்டால் கடையே மூழ்கலாம். இதில் ஒரு நிபந்தனை உண்டு. ஒதுக்க வேண்டியது உன் லாபத்திலிருந்து. பக்கத்துக் கடைக்காரன் லாபத்திலிருந்து இல்லை.

இலங்கைத் தடை பக்கத்துக் கடைக்காரன் லாபத்தில் எழுதிய ஒதுக்கு என்று எனக்குப் படுகிறது. கணிப்பு தப்பாகப் போனால் விலை கொடுக்கப் போவது முடிவெடுத்தவர் இல்லை. அந்த மாதிரிக் காரியத்துக்கு ஆதாரம் கெட்டியாக இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். அத்தைக்கு ஒரு தார்ப்பாய் நிழல், ஒரு குடம் தண்ணீர், நான்கு பக்கம் படுதா கட்டிய ஒரு மறைப்பு. நாளைக்கே பெரிய ஆராய்ச்சி வந்து, ‘வெயில் காரணமே இல்லை, வேறொன்று’ என்று நிரூபித்து விடுகிறது என்று வையுங்கள். அப்போது நிழலைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடுவோமா? குடத்தைக் கவிழ்த்து விடுவோமா?

கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி பெண்கூட்டு என்ற தையல்காரப் பெண்மணியைச் சேர்த்துக்கொண்டு, முதலில் கேட்டது கழிப்பறைதான். அப்புறம்தான் உட்கார நாற்காலி கேட்டார்கள். கேரளாவில் 2018-ல் நாற்காலிக்குச் சட்டம் வந்தது, தமிழ்நாட்டில் 2021-ல் வந்தது. எந்தப் பெண்ணும் மூத்திரப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போராடவில்லை. தொழிற்சாலை என்றால் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும் என்று 1948 சட்டமே சொல்லியிருந்தது. மிளகாய்க் காடு தொழிற்சாலை இல்லை. கரிமூட்டமும் இல்லை. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டத்தில் குடிதண்ணீர், குழந்தைகளுக்கு நிழல், முதலுதவிப் பெட்டி என்றெல்லாம் பட்டியல் போட்டிருந்தார்கள். ஒதுங்கும் இடம் பற்றி அந்தப் பட்டியலில் மூச்சு இல்லை. எழுதியவர்கள் ஆண்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் அனுமானம்.

இதையெல்லாம் அந்த டாக்டரிடம் கொட்டினேன். கைதட்டுவார் என்று நினைத்தேன். மனிதர் சிரித்தார்.

“நிழல் கொடுங்க சார், வேண்டாம்னு யார் சொன்னா? ஆனா நிழல் கொடுத்துட்டோம்னு நீங்க நிம்மதியா தூங்கிடுவீங்க. நாளைக்கு அது பூச்சிமருந்துன்னோ தண்ணின்னோ இருந்தா, நிழல்ல உட்கார்ந்துகிட்டே சாவாங்க. ‘தெரியாது’ங்கிற வார்த்தையை நான் அழிச்சிட்டா, அப்புறம் யாரும் தேட மாட்டாங்க.”

இன்னொன்றும் சொன்னார். அரசாங்கத்தில் ஒரு படி நகர வேண்டுமானால் எண் வேண்டும். அத்தை சொன்னதை நான் கேட்டால் அது கதை. மூவாயிரம் பேர் ரத்தத்தில் அளந்தால்தான் அது கோப்பு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம். நல்லது. ஆனால், வெயிலில் ஒரே நாளில் விழுந்து இறந்தால்தான் அது கணக்கு. பத்து வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வெந்து, கடைசியில் டயாலிசிஸ் கட்டிலில் இறந்தால்? இறப்புச் சான்றிதழில் வெயில் என்ற வார்த்தைக்கு இடமிருக்காது. அந்த இடத்தை வாங்கித் தரப் போவது, எனக்கு எரிச்சல் மூட்டிய அதே மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் ஆசாமிகள்தான்.

அவர் சொன்னதை நான் ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்னதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

போன வாரம் அத்தைக்குப் போன் பண்ணினேன். மறுபரிசோதனைக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. நீர்க்கடுப்பு மாத்திரையில் நின்றுவிட்டதாம். வலி மாத்திரையை நிறுத்தியாச்சாம் (“பாதிதான் போடுறேன்” என்று அப்புறம் திருத்தினார்). வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை.

“தண்ணி குடிக்கிறீங்களா அத்தை? டாக்டர் சொன்ன மாதிரி?”

“குடிக்கிறேன் மருமகனே. நாளைக்கு மூணு லிட்டர், கணக்கா.”

எனக்கு சந்தோஷம். “எப்பெப்ப குடிக்கிறீங்க?”

“சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல.”